தண்ணீர் மேல் ஓடிய பஸ்

இன்றைக்குக் கண்டி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ட ரப்பே! மகள் வாற பஸ் தண்ணிக்குள்ள போயிருக்கே!"

போனைக் காட்டினார். மகள் வரும் பாதையைக் காட்டுகிற வரைபடம் அது. திகனவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நீலக்கோடு நீர்த்தேக்கத்தின் நடுவாலேயே வந்திருந்தது. வெளியில் நல்ல மழை வேறு. மகளுக்குப் போன் எடுத்தால் பதில் இல்லை.

"முருகா!" என்றேன். வேறு என்ன சொல்ல?

முன்னால் இருந்த, கெம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. மலைக்குள்ள சிக்னல் இல்ல. போனுக்குத் தெரிஞ்சது ரெண்டு இடம் மட்டுந்தான். நடுவுல எப்படி வந்துச்சுன்னு தெரியாததால நேரா ஒரு கோடு போட்டுருச்சு. நாங்க புரோகிராம் எழுதுறப்பவும் விட்டுப்போன அளவையெல்லாம் இப்படித்தான் நிரப்புவோம்."

"நேராவா? இந்த ரோட்டுலயா? இத எழுதினவன் நம்ம பஸ்ஸுல ஒரு நாளும் ஏறலையாம்மா?" என்றேன்.

பிள்ளை சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. போன் அடிக்கும்வரை என் கையை விடவுமில்லை.

"உம்மா, தூங்கிட்டேன். இப்பதான் திகன தாண்டுறோம்."

அவர் அழுதுவிட்டார். நானும்தான்.

இதற்குள் நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தாகிவிட்டது. பஸ்தான் தண்ணீருக்குள் போகவே இல்லையே, எதற்குத் தேங்காய் என்கிறார் வீட்டுக்காரர்.

அந்த மலை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் சொல்லுங்கள், உடைக்க வேண்டுமா வேண்டாமா?