டப்பாச் சரக்கும் ஜாடிப் புகையிலையும்

டப்பாவில் அடைத்த புகையிலையை வாங்குகிறவனை ஆதிமூலம் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊரே கும்பிடுகிற மலையின் அடிவாரத்தில், செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் குழாய் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர் அவர். அவர்களில் ஒரு தாடிக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, தான் புகைத்த பழைய பைப்பை இவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்றோடு பீடி போயிற்று. பைப்புதான் வெள்ளைக்காரனுடையது, உள்ளே போகிற சரக்கு நம்மூர் இலை. தேரடி வீதியில் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். நரம்பைக் கிழித்துப் போட்டு, அரிவாள்மனையில் முடி மாதிரி அரிந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து நிழலில் உலர்த்துவார். ஊறுகாய் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிட்டால் மாசக்கணக்கில் கவலை இல்லை.

இப்படிப்பட்டவருக்குச் சம்பந்தியாக வந்து வாய்த்தார் ராமதாஸ். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி. கடலையை மூட்டை மூட்டையாகப் பிடித்துப் போடுகிற மனுஷன், புகையிலையை மட்டும் உள்ளங்கை அகல டப்பாவில் வாங்குவார். நிச்சயதார்த்தத்தன்று ஆதிமூலம் பைப்பு பிடிப்பதைப் பார்த்துவிட்டு, மறுமாசமே தானும் ஒன்று வாங்கி வாயில் வைத்துக்கொண்டவர்தான் அவர். பெங்களூரிலிருந்து மகன் டப்பாக்களை அனுப்பி வைப்பான். மூடியில் கப்பல் படம், சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. அதில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திறக்கும்போது நகைப்பெட்டியைத் திறக்கிற மாதிரி நாலு பேரைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்.

“தொறந்தா கமகமன்னு இருக்கணும் சம்பந்தி. உங்க ஜாடியத் தொறந்தா கண்ணுதான் எரியுது.”

“பொகையிலைன்னா எரியத்தாங்க செய்யும். உங்களுது கேக்குக் கடையாட்டம் நாறுது. அத ஊதுறதுக்கு நாலு வெனிலா பிஸ்கட்ட நொறுக்கிப் போட்டு ஊதலாம்.”

“ஃபாரின் சரக்குங்க.”

“தகரம் ஃபாரின். காசும் அதுக்குத்தான் குடுத்திருக்கீங்க.”

மணிமொழிக்குப் பெண் குழந்தை பிறந்து, ஆதிமூலத்தின் வீட்டுக்கு வந்து படுத்தபோது இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு வந்தது. ஆதிமூலத்தின் ஒரே மகள் அவள், ராமதாஸின் மருமகள். இரண்டு தாத்தாக்களையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள்.

“யாரு மேல பொகையிலை நாத்தம் இல்லையோ, அவங்க மடியிலதான் புள்ளையப் போட்டுப் பேர் சொல்லச் சொல்லுவேன். நாத்தம் அடிச்சா தெருவுலயே நில்லுங்க.”

ஆதிமூலம் அன்றைக்கே ஜாடியைப் பரண்மேல் ஏற்றினார். வாய் நமநமக்கும்போதெல்லாம் கிராம்பைக் கடித்தார். பேத்தி கொட்டாவி விட்டால் தானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தப் பஞ்சு மாதிரிக் காது தன் மடியில் கிடக்க, அதில் தான்தான் பேர் சொல்ல வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை. டப்பாக்காரன் மடியில் போய் விழுந்தால் அந்தக் குழந்தை தாங்குமா?

பேர் வைக்கிற நாள் வந்தது. ராமதாஸ் காலையிலேயே காரில் வந்து இறங்கினார்.

“நானும் உட்டுட்டேன் சம்பந்தி” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாகப் போய்விட்டு வந்தார். போகும்போது புடைத்திருந்த சட்டைப் பை, வரும்போது தட்டையாக இருந்தது.

பின்பக்கத்தில்தான் உண்ணாமலை குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் அவள்தான். துவட்டி முடித்துப் பிள்ளையை மணிமொழியிடம் கொடுத்துவிட்டு, புகை காட்டுவதற்காகத் தணல் கரண்டியை எடுத்தாள். மாடக்குழியில் சாம்பிராணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கப்பல் போட்ட டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்து மோந்து பார்த்தாள். வாசனை தூக்கியது. பிள்ளைக்கென்று சம்பந்தி வீட்டில் ஒசத்தியாக வாங்கி வந்திருக்கிறார்கள் என்று, ஒரு கை நிறைய அள்ளித் தணலில் போட்டாள்.

வீடு முழுக்கப் புகை. பிள்ளை தும்மித் தும்மி வீறிட்டது. மணிமொழி அதை மாரில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

“அப்பா! இன்னிக்குமா உன்னால சும்மா இருக்க முடியல?”

வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். ராமதாஸ் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்தியோடு.

பழி வந்ததைக்கூட ஆதிமூலம் பொறுத்துக்கொண்டிருப்பார். இந்த நாற்றத்தைப் போய்த் தன்னுடையது என்று சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இதா என்னுது? இந்தக் கருகிப்போன பிஸ்கட்டா என்னுது?”

ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஒட்டடை படிந்த ஜாடியை இறக்கி, துணி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். கையை முழங்கை வரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளி, மகள் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாரு! இது பொகையிலை. அது இன்னான்னு நீயே சொல்லு!”

மணிமொழிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்ணாமலை டப்பாவோடு ஓடிவந்தாள்.

“இதுலேர்ந்துதாம்மா போட்டேன். சாம்பிராணின்னு நெனச்சிட்டேன். உன் மாமனாரு கொண்டாந்து வச்சாரு.”

ராமதாஸ் மலையை விட்டுத் தரைக்கு வந்தார்.

“பாத்தியாம்மா? டப்பாச் சரக்கு தணல்ல போடத்தான் லாயக்கு. எல்லாரும் பாத்துக்குங்க” என்று ஆதிமூலம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேத்திக்காக இரண்டு கையையும் நீட்டினார்.

மணிமொழி ஒரு அடி பின்னால் போனாள்.

“கைய மோந்து பாருப்பா.”

மோந்து பார்த்தார். முழங்கை வரைக்கும் மணத்தது. நல்ல இலை, லேசில் போகாது.

நல்ல நேரம் தாண்டப் போகிறது என்று உள்ளே அவசரப்படுத்தினார்கள். பின்பக்கக் குழாயடியில் ஆதிமூலம் புளி போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டும் தேய்த்தார். பக்கத்தில் ராமதாஸ் வந்து நின்று கைகழுவ ஆரம்பித்தார். உள்ளே குழந்தையின் அத்தை, ராமதாஸின் மகள் சினேகாவின் மடியில் குழந்தையைப் போட்டு, அருணாதேவி, அருணாதேவி, அருணாதேவி என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆதிமூலத்தின் கை அப்படியே நின்றது. அந்தப் பேரைத் தானும் ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ராமதாஸ் மூக்கை உறிஞ்சினார்.

“போயிடுச்சா பாருங்க சம்பந்தி” என்று கையை நீட்டினார்.

ஆதிமூலம் குனிந்து மோந்து, முகத்தைச் சுளித்தார்.

“எனக்காச்சும் நாளைக்குப் போயிடும். உங்களுக்கு இந்த ஜென்மத்துல போவாது. தேய்ங்க.”