தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த கோவிந்தராஜுலு, தானே கண்ணாடி தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்திருந்தார். ஞாயிறுதோறும் அதை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வானத்தைக் காட்டுவார். சாதுவான மனிதர். யாராவது ராகு கேது என்று ஆரம்பித்தால் மட்டும் குரல் உயரும்.

1997 ஏப்ரலில் மேற்கு வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சோமனூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் காட்டப் போனார். ஊர்க்காரர்கள் பார்த்து முடித்த பிறகே காலனிக்காரர்கள் வரவேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படித்தான் நடந்தது. காலனி வரிசையில் முதலில் நின்றவர், தறிக்கு நூல் சுற்றும் மாராத்தாள். அவர் கண்ணை வைத்தபோது வால்நட்சத்திரம் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

"உடுங்க. எங்களுக்குப் பழகினதுதானுங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் கோவிந்தராஜுலுவால் தாங்க முடியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வாரேனுங்க அம்மணி. உங்களுக்குக் காட்டாமப் போகமாட்டேன்" என்றார்.

வரிசையின் நீளம்தான் குற்றம் என்று அவர் நினைத்துவிட்டார். பட்டறையில் பாதி முடிந்து கிடந்த இன்னொரு தொலைநோக்கியை முடித்தார். ஒற்றைக் குழாய் உட்கார்ந்த தாங்கியில் அலுமினியப் பட்டை ஒன்றைக் குறுக்கே போட்டு, இரு முனைகளிலும் தராசுத் தட்டுகள் போல ஒவ்வொரு குழாயைப் பொருத்தினார். இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்கவேண்டுமே! மில் புகைபோக்கியின் நுனியைக் குறிவைத்தார். மனைவி கோமளா மாறி மாறிப் பார்த்து, "இதுல காக்கா உக்காந்திருக்குது, அதுல இல்லீங்களே" என்று சொல்லச் சொல்ல, திருகுகளை முடுக்கினார். கடைசியில் இரண்டிலும் காக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் குழாயைப் பார்த்ததும் செங்கோடனுக்கு முகம் மலர்ந்தது. தோட்டமும் தறிகளும் உள்ளவர். அந்த ஊரில் அவர் வைத்ததே சட்டம்.

"அடேங்கப்பா, தோதாப் போச்சுங்க! வலதுல நாங்க பார்க்கறோம், இடதுல காலனிக்காரங்க பார்க்கட்டும். இனி ஆருக்கும் சங்கடமில்லை பாருங்க."

டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவர்கள் வானத்துக்கும் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். அதைச் செய்து கொண்டுவந்து கொடுத்தவர் கோவிந்தராஜுலுவே. அதற்குள் இரண்டு வரிசைகள் நின்றுவிட்டன. இடது வரிசையின் முதல் ஆள் மாராத்தாள்.

கோவிந்தராஜுலு இடது குழாயின் கண்வில்லையைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த, இன்னும் அகலமாகக் காட்டும் வேறொன்றைச் செருகினார்.

"வலதுல தலை மட்டும் பெருசாத் தெரியுமுங்க. இடதுலதான் முழு வாலும். ரெண்டையும் பார்த்தாத்தான் பார்த்த மாதிரி."

"அப்ப எங்களுக்கு ரெண்டையும் முதல்ல காட்டிப்போடுங்க" என்றார் செங்கோடன்.

"அதுக்குள்ள இறங்கிப்போயிருமுங்க. சோடி சோடியா வந்து, பார்த்துப்போட்டு இடம் மாறிக்கோணும். ஏனுங்க, வாலில்லாத வால்நட்சத்திரம் பார்த்தேன்னு ஊட்டுல போய்ச் சொல்லுவீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செங்கோடன் மேற்கே பார்த்தார். வால்நட்சத்திரம் யாருக்காகவும் நிற்கவில்லை. வேண்டாவெறுப்பாகக் கண்ணை வைத்தார். ஒரு முழம் தள்ளி மாராத்தாள். இடம் மாறியபோது, செங்கோடன் துண்டை எடுத்து வில்லையைத் துடைத்தார். கோவிந்தராஜுலு பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்து வந்த சிலரும் துடைத்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அவசரம். துண்டைத் தேட நேரமில்லை.

"அதுல என்னங்க தெரியுது?" இடது குழாயில் இருந்தவர் வலது குழாயில் இருந்தவரைக் கேட்டார்.

"மூக்குத்தியாட்ட மினுங்குதுங்க. வாங்க, வந்து பாருங்க!"

எல்லோரும் பார்த்து முடிந்ததும் மாராத்தாள் மறுபடி வந்து நின்றார்.

"பார்த்துட்டீங்களே அம்மணி?"

"பின்னால ஆள் நின்னாங்க, வெடுக்குனு நகந்துட்டனுங்க. இன்னிக்கு நானாத்தான் கடைசியா வந்து நிக்கறேன். நிதானமாப் பார்க்கோணும்."

வால்நட்சத்திரம் பனை உச்சியைத் தொட்டிருந்தது. கோவிந்தராஜுலு பட்டையைப் பிடித்து, அது இறங்க இறங்க, குழாய்களையும் மெல்லத் தாழ்த்திக்கொண்டே இருந்தார்.