நீயே போட்டுச் சாப்பிடு

பதினோரு வருஷம் 'நீங்க', அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் 'நீ'. நூலக்கா தன் கணவரை அழைத்த கணக்கு இது. அவருடைய இல்லற வாழ்க்கையை வேறு எப்படிச் சொன்னாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நூலக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறார். முடி வெட்டுவார், சாயம் பூசுவார், முகத்துக்கு என்னென்னவோ தடவுவார். ஆனால் ஆட்கள் பஸ் மாறி வருவது புருவத்துக்குத்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்து, கத்தரி போலத் திறந்து மூடி மயிர்களை வேரோடு எடுப்பார். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தன் இமையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்க வேண்டும். ஆக, இந்த வேலை நடக்கும்போது ஒருவரால் பார்க்க முடியாது, இன்னொருவரால் பேச முடியாது. கண்ணை மூடியவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள். நூலைக் கடித்தவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்த 'நீ' எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் அவர் சொன்னதில்லை. வந்தது தொலைக்காட்சியிலிருந்து.

'மூன்றாம் மாடி' என்று ஒரு தொடர். மாலை ஏழரை மணிக்கு அது வரும்போது தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்காது. கதாநாயகி ஒரு பள்ளிக்கூட டீச்சர். கணவன் நின்றால் நிற்பாள், உட்கார்ந்தால் பரிமாறுவாள். பாகத்துக்குப் பாகம் 'நீங்க சொன்னா சரிங்க' என்று தலையாட்டுவாள். ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். தோளிலிருந்து பை இன்னும் இறங்கவில்லை. கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் தட்டை முன்னால் தள்ளி, "சாப்பாடு" என்கிறான். டீச்சர் அவனை ஒரு நொடி பார்க்கிறாள்.

"நீயே போட்டுச் சாப்பிடு."

அவ்வளவுதான். பின்னணி இசைகூட இல்லை. அவள் மின்விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்துகொள்கிறாள்.

மறுநாள் காலை நூலக்காவின் கணவர் வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தண்ணி" என்றார். பஸ் டிப்போவில் டயர் பிரிவு மேற்பார்வையாளர். வேலையில் இருபது பேரை அதட்டுகிறவர், வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் இருப்பார். நூலக்கா இரண்டு வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"நீயே எடுத்துக் குடி."

"யாருகிட்ட பேசுற?"

"உன்கிட்டதான்."

இரண்டு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதன் பிறகு டிப்போக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழிவாங்கும் வழி என்று அவர் நினைத்தார். "சரிங்க மேடம். நீங்க சொன்னா சரிங்க" என்று குத்தலாக மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். நாளாக ஆகக் குத்தல் தேய்ந்துபோனது. 'நீங்க' மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றுவிட்ட இந்த நாட்களிலும், "டீ போடப்போறேன், நீங்க குடிக்கிறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறார். "சர்க்கரைய கம்மியா போடு" என்று நூலக்கா முன்னறையிலிருந்து பதில் கொடுக்கிறார். வாடிக்கையாளர்களுக்கு இது பழகிய வேடிக்கை.

அந்த மகள் வளர்ந்து வேறு ஊரில் வசனம் எழுதும் வேலைக்குப் போனாள். இந்த வருஷம் 'மூன்றாம் மாடி'யைப் புதிதாக எடுக்கிறார்கள், வசனம் அவள்தான் என்று தெரிந்தபோது நூலக்கா நூல் உருண்டையைக் கை தவறிக் கீழே விட்டார். "ஒளிபரப்பாகி நல்ல பேர் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்று மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அது நல்லதாகவே போயிற்று. நல்ல பேர் வரவில்லை.

முதல் பாகத்திலேயே புது டீச்சர் தன் கணவனை, "டேய், என் சார்ஜரப் பாத்தியா நீ?" என்று கேட்டாள். நூலக்காவுக்குச் சுருக்கென்றது. போகப் போகச் சரியாகும் என்று வாயைக் கட்டிக்கொண்டார். போகப் போக எல்லாம் 'நீ'தான், 'வாடா'தான். போன புதன்கிழமை அந்தக் காட்சி வந்தது. பை இருந்தது, தட்டு இருந்தது. "நீயே போட்டுச் சாப்பிடு" என்ற வரியும் அட்சரம் பிசகாமல் இருந்தது. அது 'கதவைச் சாத்து' என்பது போல வந்து போனது. அதன் பிறகு புது டீச்சர் பெண்களின் உழைப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாள். வயலின் அழுதது.

"என்னங்க, அந்த எடம் வந்துடுச்சா?" என்று டிப்போக்காரர் கேட்டார்.

"வந்து போயிடுச்சு."

"நான் கவனிக்கலையே."

நூலக்கா தொலைக்காட்சியை அணைத்தார்.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சேனலின் பக்கத்தில் விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் திட்டு. 'பழைய டீச்சர் ஒரு வரில முடிச்சத புது டீச்சர் பாடமா நடத்துது, நாளைக்கு டெஸ்ட் வைக்குமா?' என்று ஒருவர். 'எங்கம்மா டிவிய முறைச்சுட்டு எழுந்து போயிட்டாங்க, இன்னும் வரல' என்று இன்னொருவர். 'இது ரீமேக் இல்ல, ரீ-கொலை' என்று மூன்றாமவர் எழுதியதை ஊரே எடுத்துப் போட்டது. வசனம் எழுதியவரை மாற்றுவதா என்று பேச சேனலில் திங்கட்கிழமைக்குக் கூட்டம் குறித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. ஆறுதல் தேடி வந்தவளுக்குக் கிடைத்தது வேறு.

"டீச்சரை ஏண்டி முதல் நாள்லேர்ந்தே நீ-ன்னு பேச வெச்ச?"

"இப்ப யாரும்மா புருஷன நீங்கன்னு கூப்பிடறா?"

"அப்ப அந்த வரிக்கு என்ன மிச்சம் இருக்கு? முழுசா சுரண்டி எடுத்துட்டு வெறும் தட்ட நீட்டிருக்க."

"பழச நான் நாலு தடவ பாத்தேன்மா. அந்த சீன்ல ஒண்ணுமே நடக்கல. ஒரு வரி சொல்லிட்டு ஃபேன் போடுது. அதான் நான் கொஞ்சம் பேச வெச்சேன்."

"ஒண்ணுமே நடக்கலையா?"

நூலக்காவுக்குக் காது சுட்டது. இருபத்தைந்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததை, அந்தத் தண்ணீர் டம்ளரை, அந்த இரண்டு வாரத்தை, நின்ற நிலையில் கொட்டித் தீர்த்தார். அடுப்படியில் டிப்போக்காரர் பாத்திரத்தை மெதுவாக வைத்தார்.

மகள் கடைசிவரை கேட்டாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

"இத ஒரு தடவையாவது என்கிட்ட சொன்னியா நீ? எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து நீ அப்பாவ நீ-ங்கற, அப்பா உன்னை நீங்கங்கறாரு. எனக்கு நீ-ன்னா என்ன, நீங்கன்னா என்ன? அந்த வார்த்தையில சூடு இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னா? ஆத்தித் தந்தவளே நீதான்."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் நூலக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க பெரிய எழுத்தாளருங்க. உங்களுக்கு நான் என்னங்க சொல்லப்போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு, சாப்பிடுங்க."

மகளின் முகம் சுண்டிப்போனது. 'பாப்பா' என்றும் 'வாடி போடி' என்றும் தவிர அம்மா அவளை வேறு எதுவும் அழைத்ததில்லை. அன்று இரவும் 'நீங்க', மறுநாள் காலை பல் துலக்கும்போதும் "வெந்நீர் வேணுங்களா?".

சனிக்கிழமை பார்லரில் கூட்டம். நாற்காலியில் போஸ்ட் ஆபீஸ் அம்மா சாய்ந்திருந்தார். தபால் நிலைய கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், பார்லர் திறந்த நாளிலிருந்து வருபவர், நூலக்காவை விடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு எப்போதும் 'வாங்கம்மா, உக்காருங்கம்மா'தான். பெஞ்சில் ஒரு நர்ஸ் முறைக்குக் காத்திருந்தாள்.

நூலக்கா நூலைக் கடித்தார். போஸ்ட் ஆபீஸ் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"புதன்கிழம பாத்தேன். ரத்தக் கொதிப்பு ஏறிடுச்சு. டீச்சரையா இப்படிப் பண்ணுவாங்க?"

"எனக்கு அந்த டீச்சரோட ஹேர்கட் பிடிச்சிருக்கு" என்றாள் நர்ஸ்.

"ஹேர்கட்ட வெச்சு நாக்கு வழிக்கவா? என்ன பேச்சு பேசுறா. புருஷன்கிட்ட பேசுறாளா, மைக் முன்னால பேசுறாளான்னே தெரியல."

நூலக்காவின் தலை தன்னை அறியாமல் ஆடியது. ஒவ்வொரு வார்த்தையும் அவர் மனதிலிருந்து எடுத்தது. நேற்று மகளிடம் அவரே சொன்னதுதான். ஆனாலும் அதை இன்னொருவர் சொல்லக் கேட்கும்போது பல் நூலை இறுக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்படி. மகள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினது ஒரு பொண்ணாம்" என்றாள் நர்ஸ், போனைப் பார்த்தபடி.

"பொண்ணா? நல்லா இருக்கு. கையெழுத்து போடத் தெரிஞ்சவளெல்லாம் எழுத வந்துட்டா. மூளைன்னு ஒண்ணு வேணாமா?"

நூல் இடது புருவத்தின் மேல் சற்று வேகமாகவே ஓடியது. "ஆ, மெல்ல" என்றார் போஸ்ட் ஆபீஸ் அம்மா, கண்ணைத் திறக்காமல். இடது முடிந்தது. நூலக்கா வலப்பக்கம் நகர்ந்தார்.

"அவள சொல்லிக் குத்தமில்ல. பெத்தவள சொல்லணும். வீட்டுல ஒழுங்கா நாலு வார்த்த பேசி வளர்த்திருந்தா, இவளுக்கு எங்க எந்த வார்த்த போடணும்னு தெரிஞ்சிருக்கும். என்னத்த சொல்லிக் குடுத்தாளோ அந்த மகராசி."

நூல் அறுந்தது. கையால் அறுத்தாரா, பல்லால் கடித்தாரா என்று நர்ஸுக்கு இன்றுவரை தெரியாது. நூலக்கா வாயில் இருந்த துணுக்கை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். பவுடர் டப்பாவை மூடினார். கைக் கண்ணாடியைப் போஸ்ட் ஆபீஸ் அம்மாவின் மடியில் வைத்தார்.

"மிச்சத்த நீயே எடுத்துக்கோ."

போஸ்ட் ஆபீஸ் அம்மா கண்ணைத் திறந்தார். இடது புருவம் வில்லாக இருந்தது, வலது புருவம் காடாக இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வலித்தது புருவத்தால் அல்ல.

"என்ன சொன்ன?"

"உன்னத்தான் சொன்னேன். எழுதினவ என் பொண்ணு."

நூலக்கா மின்விசிறியைப் போட்டார். அது திட்டமிட்டுச் செய்தது அல்ல, வியர்த்தது, அதனால் போட்டார். போஸ்ட் ஆபீஸ் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு ஒற்றைப் புருவத்தோடு வெளியேறினார். நர்ஸ் தன் முறை வந்துவிட்டதா என்று கேட்கப் பயந்து பெஞ்சிலேயே இருந்தாள்.

அடுப்படிக் கதவில் மகள் நின்றாள். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"அவங்கள எப்பவும் நீங்கன்னுதானே சொல்லுவ?"

"இப்பத்தான் காதுல விழுந்துச்சுங்களா உங்களுக்கு?"

"ரெண்டும் விழுந்துச்சு. அவங்கள நீ-ன்ன, அவங்க முகம் செத்துப் போச்சு. என்னை நேத்துலேர்ந்து நீங்கங்கற. நாலு அடி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

நூலக்கா புது நூல் இழுத்தார். நர்ஸை நாற்காலிக்குக் கைகாட்டினார். மகள் அங்கேயே நின்று கதவுச் சட்டத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து இயக்குநரைக் கூப்பிட்டாள். தொடரில் அடுத்ததாக டீச்சர் வீட்டை விட்டுப் போகிற காட்சி. அதற்கும் மூன்று பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தாள்.

"அந்த மூணு பக்கத்தையும் தூக்கிடுங்க சார். அவன் மறுபடியும் சாப்பாடு கேக்குறான். டீச்சர், 'நீங்களே போட்டுச் சாப்பிடுங்க'ங்கறா. பையை எடுக்கிறா, போறா. வேற பேச்சு கிடையாது."

மறுமுனையில் அவர் என்னவோ சலித்துக்கொண்டார்.

"என்ன வித்தியாசமா? முதல் நாள்லேர்ந்து டேய், நீ-ன்னு இருந்தவ சார். உங்க வைஃப்கிட்ட போய், 'நீங்க சாப்டீங்களா'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

அரை மணியில் அவர் திரும்பக் கூப்பிட்டார். வீட்டில் என்ன ஆனது என்று சொல்லவில்லை. எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

"ஐடியா என்னுது" என்றார் டிப்போக்காரர் அடுப்படியிலிருந்து. "இருபத்தஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"நீ சும்மா இரு" என்றார் நூலக்கா, மறுபுருவத்துக்கு நூலைக் கடிப்பதற்கு முன்.

"சரிங்க."

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நர்ஸின் புருவத்தை முடித்து, நூலைப் பல்லிலிருந்து எடுத்த பிறகுதான் மகளிடம் பேசினார்.

"ஒரு சீன மாத்திட்டா ஆச்சா? என் டீச்சர் போனது போனதுதான். நான் சமாதானமாயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

திங்கட்கிழமைக் கூட்டத்தில், இந்தக் காட்சி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அது வரும் வியாழக்கிழமை ஏழரை மணிக்கு ஒளிபரப்பாகிறது. போஸ்ட் ஆபீஸ் அம்மா மிச்சப் புருவத்தைப் பக்கத்துத் தெரு பார்லரில் எடுத்துக்கொண்டார். மகள் ஊருக்குப் போய்விட்டாள். தினமும் போன் செய்கிறாள், நூலக்கா எடுக்கிறார், "சொல்லுங்க" என்கிறார்.