திரும்பத் திரும்ப வந்த மயில் கழுத்து

ஆபீஸ்ல நான் ஒருத்தியே திரையில இருக்கிற புடவைங்களை ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்துட்டு, அம்சமா வேலை செய்யுதுன்னு எழுந்து வந்துட்டேன். வம்பு அங்கதான் ஆரம்பிச்சுது.

பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடைக்கு எங்க கம்பெனி தொடுதிரை மேஜை ஒண்ணு போட்டுக் கொடுத்தது. புரோகிராம் எழுதினது நான். மேஜையைச் சுத்தி உக்காந்து, படத்துல இருக்கிற புடவையை விரலால இழுக்கலாம், விரிக்கலாம், பிடிக்கலன்னா மூலையில இருக்கிற கூடையில தள்ளலாம். அவங்கவங்க போனையும் மேஜையோட இணைச்சுக்கலாம். போன்ல ஒரு புடவையைத் தள்ளினா மேஜை நடுவுல வந்து விழும். இதுக்கெல்லாம் ஃபிரேம்வொர்க்னு முன்னாடியே எழுதி வெச்ச புரோகிராம் ரெடியா கிடைக்குது. எத்தனை விரல் பட்டாலும் தனித்தனியா கணக்கு வெச்சுக்கும். ஆனா எந்த விரல் யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு பேர் ஒரே புடவையை இழுத்தா யார் பேச்சைக் கேக்கணும்னு நாமதான் சொல்லணும். கடைசியா தொட்டவங்க பேச்சைன்னு ஒரே வரியில எழுதிட்டேன். கல்யாணப் புடவை எடுக்கக் கூட்டமாத்தான் வருவாங்கன்னு இந்த ஊர்லயே பொறந்து வளந்த எனக்குத் தோணல பாருங்க!

முதல் நாள் வந்தது கூறைப்புடவை எடுக்க வந்த கும்பல். மாப்பிள்ளையோட அம்மா, அக்கா, அத்தை ஒரு பக்கம். கல்யாணப் பொண்ணும் அவளோட அம்மாவும் எதிர்ப்பக்கம். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு, அதனால பேச்சும் அவங்களதுதான். "அரக்குதான் லட்சணம்"னு மாப்பிள்ளையோட அம்மா உக்காரும்போதே சொல்லிட்டாங்க. அப்புறம் கை மேல கை. வளையல் பட்டாலும் விரல்னு எடுத்துக்கிச்சு மேஜை. பொண்ணு மட்டும் அதைத் தொடவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கினு, மடியில போனை வெச்சுக்கினு உக்காந்திருந்தா.

நடுவுல ஒரு மயில் கழுத்துப் புடவை வந்து விழுந்துது. நீலமா பச்சையான்னு சொல்ல முடியாத அந்த நிறம் இருக்கே, அது. மாப்பிள்ளையோட அம்மா கூடையில தள்ளினாங்க. திரும்ப வந்துது. அக்கா தள்ளினாங்க. திரும்பவும் வந்துது.

"இன்னாபா இது, உங்க மேஜைக்குப் பைத்தியமா? வேணாம்னாலும் அதையே காட்டிக்கினு இருக்குது!"ன்னாங்க அக்கா.

ஓரமா லேப்டாப்போட நின்ன என்கிட்ட கடை முதலாளி ஓடி வந்தார். "புரோகிராம்ல பக் எதுனா இருக்குதாம்மா? மொத நாளே மானத்த வாங்குறியே. அந்தப் பொடவையவே தூக்கிடு."

எந்தப் புடவை எந்த போன்லருந்து வருதுன்னு என் திரையில தெரியும். பொண்ணோட போன்லருந்து வந்துக்கினு இருந்துது. தூக்கிட்டா, அவ கட்டிக்கப்போற புடவையில அவளுக்குன்னு ஒரு சொல்லும் இருக்காது. மருமகதான் அனுப்புறான்னு போட்டு உடைச்சா, தாலி ஏறுறதுக்கு முன்னாடியே எதிர்த்துப் பேசுறவன்னு பேர் வாங்கிடுவா. டிலீட் பட்டன் மேல என் விரல். "தூக்குமா!"ன்னு முதலாளி பல்லைக் கடிக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவ என்னையே பார்த்துக்கினு இருந்தா. கண்ணு கலங்கியிருந்துது. எனக்குக் கோபம் வந்துடுச்சு. யார் மேலன்னு கேக்காதீங்க, எல்லார் மேலயும்தான், அந்த ஒரு வரியை எழுதின என் மேலயும்.

"பக் எல்லாம் இல்ல சார்"னேன். சத்தமாவே வந்துடுச்சு. "மேஜை சரியாத்தான் இருக்குது. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல ஒருத்தர் போன்லருந்து அனுப்பிக்கினு இருக்காங்க."

"யாரு?" மாப்பிள்ளையோட அம்மா என்னைத்தான் கேட்டாங்க. நான் லேப்டாப்பை மூடிட்டேன். பொண்ணோட அம்மா அவ தொடையைக் கிள்ளுறது நான் நின்ன இடத்துலருந்தே தெரிஞ்சுது.

"நான்தான் அத்தை"ன்னு மாப்பிள்ளையோட அம்மாவைப் பார்த்துச் சொன்னா பொண்ணு.

"ஏம்மா, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"அப்போலருந்து அதத்தானே அத்தை சொல்லிக்கினு இருக்கேன். நீங்கதான் தள்ளித் தள்ளி விடுறீங்க."

மாப்பிள்ளையோட அம்மா அவளையே பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு கையையும் மேஜையிலருந்து எடுத்து மடியில வெச்சுக்கினாங்க. அதைப் பார்த்து மத்தவங்களும் ஒவ்வொருத்தரா எடுத்துட்டாங்க. மயில் கழுத்து நடுவுல தனியா நின்னுது.

"விரிச்சுக் காட்டும்மா"ன்னாங்க அந்தம்மா, பொண்ணைப் பார்த்து. "முந்தானை எப்படி இருக்குதுன்னு பாப்போம்."