வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நெடுங்கரை பேருந்தின் நடத்துநர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "சார், உங்க மாசிலாமணி சார் விடியக்காலம் போயிட்டாருங்க. உங்களுக்குச் சொல்லிடச் சொன்னாங்க. இதே வண்டியில வந்துடுங்க" என்றார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் துக்கப்பட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாதி வழி வரை ஒரே கேள்விதான் மனத்தில் ஓடியது. இன்றைக்கு அந்த ஊர்ப் பெரிய வீட்டில் அடுப்பு எரிகிறதா, இல்லையா? ஒரு நண்பரின் சாவுக்குப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். அவர் வாழ்க்கையே அந்தக் கேள்வியில்தான் கவிழ்ந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாசிலாமணியும் நானும் ஓர் ஆவண அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேசையில் குமாஸ்தாக்களாக இருந்தோம். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரக் குடும்பம். அவர் நெடுங்கரைத் தெற்குத் தெருவைச் சேர்ந்தவர். கூலிக்கு நாற்று நட்டுக் கதிர் அறுத்த குடும்பத்திலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். ஆட்சி மாறிய ஆண்டில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வந்து, "நாற்காலில உக்காரலாங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார். "உங்க நாற்காலிங்க அது" என்றேன். அதன் பிறகும் ஒரு வாரம் நுனியில்தான் உட்கார்ந்தார்.

எங்கள் அறையில் மராத்திய அரசர் காலத்துக் காகிதங்கள் துணி மூட்டைகளாகக் கிடந்தன. மோடி என்ற பழைய மராத்திக் கூட்டெழுத்தில் உள்ளவை. எங்களில் யாரும் அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளவில்லை, சம்பளத்துக்கு அது தேவைப்படவில்லை. அவர் மட்டும் மதியச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்டார். எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். "சுபேதார் யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சாகணும் சார்" என்றார்.

சுபேதார் நயினார் ஆயிரத்து எழுநூறுகளில் தஞ்சை அரசரின் படையில் அதிகாரியாக இருந்தவர். நெடுங்கரையில் அவருக்கு மானியமாகக் கொடுத்த நிலத்துக்கு இன்னமும் சுபேதார் மானியம் என்றுதான் பெயர். அவரை ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். நாகூரில் கேட்டால் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை என்பார்கள். தரங்கம்பாடியில் கேட்டால் ஞானஸ்நானம் பெற்றவர் என்பார்கள். நெடுங்கரையில் அந்த மானியத்தை அனுபவித்துவந்த பெரிய வீட்டுக்காரர்கள், தங்கள் குடும்பத்தில் பிறந்தவர் என்று கூடத்தில் படமே வரைந்து மாட்டியிருந்தார்கள். தெற்குத் தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

இது வெறும் பெருமைச் சண்டையாக இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெற்குத் தெருவின் நாற்பது வீடுகளும் அந்த மானியத்தின் தென்கொல்லையில் இருந்தன. உழுதவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதிய காலம் அது. ஆட்சியோடு பெரிய வீட்டு மகனும் கரை வேட்டிக்கு மாறிவிட்டார். அடுத்த அறுவடையில் தெற்குத் தெரு ஆட்கள் கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள். கேட்ட மாதமே, நாற்பது வீட்டையும் காலி செய்யச் சொல்லி அவர் மனுப் போட்டார்; அது வருஷக்கணக்கில் இழுத்தது. மேடையில் சமத்துவம், வயலில் வெளியேற்றம்.

மாசிலாமணி ஒரு மழைக்கால மதியம் ஒரு பழுப்புக் காகிதத்தை என் மேசையில் விரித்தார். மானியம் கொடுத்த உத்தரவின் நகல் அது. விரலை வைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னார். வடக்கே உள்ள நஞ்சை சுபேதாரின் சந்ததிக்கு. தென்கொல்லை, அவர் பிறந்த குடியார் வீடு கட்டிக் குடியிருக்க. "பிறந்த குடி எதுன்னு நிரூபிச்சுட்டா தெருவை யாரும் அசைக்க முடியாது சார்" என்றார்.

அதன் பிறகு விடுமுறைகள் எல்லாம் அலைச்சல்தான். நாகூருக்கு இருவரும் சேர்ந்து போனோம். தர்கா தெருவில் ஒரு பெரியவர் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "எங்காளுன்னு சொல்லிக்க எங்களுக்கும் ஆசைதாங்க. காகிதம் கேட்டீங்கன்னா கையை விரிக்கணும்" என்று சிரித்தார். தரங்கம்பாடியில் தேவாலயப் பதிவேட்டில் ஒரு நயினான் இருந்தான். கணக்குப் பார்த்தால் சுபேதார் இறந்து நாற்பது வருஷம் கழித்துப் பிறந்தவன். திரும்பி வரும் வழியில் மாசிலாமணி, "ரெண்டு வாசல் அடைச்சாச்சு சார், இன்னும் ரெண்டுதான்" என்றார். அப்போது அவருக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது.

அடுத்த தை மாதம் அவருடைய பெரியப்பா காலமானார். துக்கம் கேட்க நெடுங்கரைக்குப் போயிருந்தேன். அவர்கள் குடும்பத்துக்குக் கொம்புக்காரர் வீடு என்று பெயர். திருவிழாவுக்கும் சாவுக்கும் கொம்பு ஊதும் குடும்பம். பாடை கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர், "பெரிய வீட்லயும் இன்னும் உலை வைக்கலீங்க. பொணம் எடுத்தப்புறம் பெரியம்மா தலை முழுகிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாங்க" என்றார். பெரியம்மா என்பது அந்த வீட்டு எசமானியம்மாள்.

"தெற்குத் தெருவுல யாரு செத்தாலும் அப்படியா?" என்று மாசிலாமணியைக் கேட்டேன்.

"இல்ல சார், எங்க வீட்டுச் சாவுக்கு மட்டும். அவங்க பெரிய மனசு."

"பெரிய மனசாவது! பங்காளி செத்தாதானே தலை முழுகுவாங்க?"

மாசிலாமணிக்கு அது பிறந்ததிலிருந்து கண்ணெதிரே இருந்த வழக்கம். அதைத் தயவு என்று எண்ணிக் கும்பிட்டு வளர்ந்தவர் அவர். வெளியூர்க்காரனான எனக்கு அதில் கும்பிட ஒன்றும் இல்லை, அதனால் கண்ணில் பட்டது. அங்கேயே எங்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது: சுபேதார் கொம்பு ஊதப் படைக்குப் போன தெற்குத் தெருப் பிள்ளை. பதவி வந்த பிறகு அவர் பெண் எடுத்து உண்டாக்கிய குடும்பத்தின் வாரிசுகள் பெரிய வீட்டார். பிறந்த வீட்டை மறைத்தார்கள், தீட்டை மறக்கப் பயந்தார்கள். ஏன் காக்கிறோம் என்று தெரியாமலே ஏழு தலைமுறை காத்துவிட்டார்கள்.

பெரியம்மாவிடம் மாசிலாமணி நேரே போய்க் கேட்டார். அந்த அம்மாள் சூதுவாது இல்லாமல் சொல்லிவிட்டார். "எங்க மாமியா காலத்துலயும் அப்படித்தான்ப்பா. கொம்புக்காரன் வீட்ல எழவுன்னா நம்ம வீட்ல அடுப்பு எரியக் கூடாது. ஏன் எதுக்குன்னு யாரு கேட்டா?" இவர் வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டார்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வாக்குமூலம் எழுதினால் கொடுத்தவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டார் என்று கடைசியில் எழுதி ரேகை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். மாசிலாமணி தயங்கினார். "வாசிக்காம விட்டுடலாமா சார்? விசாரணையில நேரா அந்த அம்மாவையே கேக்கச் சொல்லலாம்" என்றார். நான்தான், "வாசிச்சுக் காட்டாத வாக்குமூலம் செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். சட்டம் பேசினேன். பேசிய நாக்கு இன்னமும் வாயில்தான் இருக்கிறது.

அவர் போய் வாசித்தார். பெரியம்மா ரேகை வைக்கக் கையை நீட்டியபோது மகன் உள்ளே இருந்து வந்தார். மறுபடி வாசிக்கச் சொல்லி, முழுவதையும் நின்று கேட்டார். மைப்பெட்டியை எடுத்து மூடினார். "அம்மாவுக்கு வயசாச்சு. என்னமோ உளறியிருக்கும். நீ போ" என்றார். பத்து வருஷமாக மாசிலாமணியை 'வாங்க' என்று அழைத்துவந்தவர் அவர்.

மூன்று மாதம் கழித்து மாசிலாமணியின் தாயார் இறந்தார். அன்றைக்குப் பெரிய வீட்டுக் களத்தில் நெல் அவித்தார்கள். பருவமே இல்லாத பருவத்தில், நாலு அண்டா வைத்து, சாவு வீடு வரை புகை வரும்படி அவித்தார்கள். தாயின் காலடியில் உட்கார்ந்து அவர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கத்தைச் சொல்லித் தெருவின் சார்பில் கொடுத்திருந்த எதிர்மனுவை விசாரிக்க வந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க தாயார் இறந்த அன்னைக்கு அவங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுதா, இல்லையா?"

நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தெருவே அவரோடு சேர்ந்து சொல்லியிருக்கும். "எரிஞ்சுதுங்க" என்றார் மாசிலாமணி. வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதித் தெருவின் மனுவைத் தள்ளினார்கள்.

நாற்பது வீடும் ஒரே நாளில் இடிந்தன. சனங்கள் ஆற்றுப் படுகைப் புறம்போக்குக்குப் போய்க் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பட்டணத்தில் வாடகைக்கு இருக்க வசதி இருந்தும் மாசிலாமணி அங்கேதான் போனார். தண்ணீர் திறந்துவிடும் ஆடியில் பாம்பும் சேறும் வீட்டுக்குள் வரும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு காகிதத்தையும் அவர் தொடவில்லை. ஒரு முறை மட்டும் சொன்னார்: "நான் தோத்தது உண்மையைச் சொன்னதால இல்ல சார். யாருகிட்ட முதல்ல சொல்றதுன்னு தெரியாததால." தெருவில் அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை படுகையில் இறங்கியதும் முதலில் வயலுக்கு அப்பால்தான் பார்த்தேன். பெரிய வீட்டுக் கூரைக்கு மேலே புகை தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்க்கப் போனேன். கொம்பு ஊத அந்தக் குடும்பத்தில் இப்போது ஆள் இல்லை. கொம்பில்லாமலே தூக்கினார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் பெயரை எழுத மாட்டேன். "பெரியம்மா காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. படுத்த படுக்கையில கெடக்காங்க, எந்திரிக்க முடியாது. பொணம் எடுத்துட்டாங்களான்னு கேட்டுகிட்டே இருந்தாங்க. எடுத்தாச்சுன்னேன். தலையில தண்ணி ஊத்துடின்னாங்க. யாருக்கும் தெரியாம ஒரு செம்பு ஊத்திட்டு வந்தேன்" என்றார்.

மாசிலாமணி சார், நீங்கள் தேடிய சாட்சி ஒரு செம்புத் தண்ணீராக வந்துவிட்டது. காப்பாற்ற ஒரு வீடும் மிச்சமில்லாத நாளில் வந்திருக்கிறது. உங்கள் கையெழுத்தில் இதை எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். என் கோணல் எழுத்தில் எழுதிவிட்டேன். போய் வாருங்கள். மேற்படி வாக்குமூலம் யாருக்கும் வாசித்துக் காட்டப்படவில்லை.