பட்டம் வாங்கிப் போனவர்களின் பட்டியல்

பல்கலைக்கழகத்துக்குள் வருகிறவர்களைப் பதிய ஓர் அலுவலகம் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களைக் கவனிக்க இன்னோர் அலுவலகம் இருக்கிறது. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போனவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை என்னுடையது. பதவியின் பெயர் பழைய மாணவர் தொடர்பு உதவியாளர். விவசாய பீடத்தில் படித்த வன்னிப் பக்கத்துப் பட்டதாரிகளுக்கென்று கிளிநொச்சியில் ஒரு சிறிய அறை எடுத்து, ஒரு மேசை, இரண்டு கதிரை, முழுதாய்ச் சாத்த முடியாத ஓர் இரும்பு அலுமாரி, ஒரு தொலைபேசி ஆகியவற்றோடு என்னையும் உள்ளே வைத்தார்கள். கையில் ஒரு பட்டியலையும் தந்தார்கள். பெயர், பிரிவு, படித்து முடித்த ஆண்டு, முகவரி. அந்த முகவரிகளில் பாதியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், அல்லது வீடே இல்லை.

ஏதாவது ஒரு சங்கத்துக்கோ மன்றத்துக்கோ செயலாளராய் இருந்து, போன் எடுத்து எடுத்துக் காது சூடேறிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்கள் எங்கள்மேல் கொஞ்சம் இரக்கம் வைத்து வாசியுங்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நான் எடுத்த முதல் அழைப்பு பூவரசங்குளத்துக்கு. படித்து முடித்துப் பதினொரு வருடமான ஒருவர், பெயர் கஜேந்திரன். பல்கலைக்கழகத்திலிருந்து கதைக்கிறேன் என்றேன். அவர் மெதுவாக, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டார். புது முகவரி கேட்கத்தான் எடுத்தேன் என்று நான் சொல்லச் சொல்ல, திங்கட்கிழமை தானே நேரில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். எதைக் கொண்டுவரப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். பொலித்தீனில் சுற்றிய பொதி ஒன்றை மேசையில் வைத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உள்ளே பழப்பயிர்ச் செய்கை பற்றிய ஒரு தடித்த புத்தகம். கடைசி வருடம், துறையில் இருந்த சின்னப் புத்தக அலுமாரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் எடுத்தது. இரண்டு நாளில் வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்; பிறகு வைக்க வெட்கப்பட்டிருக்கிறார். ஒன்றுகூடலுக்கு அழைப்புக் கடிதம் வரும்போதெல்லாம் இந்தப் புத்தகத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கடிதத்தைத் திரும்ப உறைக்குள்ளேயே போட்டுவிடுவாராம். அந்தப் புத்தகம் காணாமல் போனது பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேநீர் கொடுத்து, படிவத்தை நிரப்ப வைத்தேன். இரண்டு ஏக்கரில் பப்பாசி வைத்திருக்கிறார், நன்றாகப் போகிறது. அடுத்த ஒன்றுகூடலுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். வாசலுக்குப் போனவர் நின்று, மேசையில் கிடந்த புத்தகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அனுப்பி விடுங்கோ தங்கச்சி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் போனில படம் பிடிச்சு வச்சிருக்கிறன். என்ர தோட்டம் அந்தப் பக்கத்திலதான் நிக்குது."

இல்லாத கட்டம்

எங்கள் படிவத்தில் "தற்போதைய தொழில்" என்று ஒரு கேள்வி இருந்தது. அதன் கீழே ஐந்து கட்டங்கள்: அரச துறை, தனியார் துறை, வெளிநாடு, மேற்படிப்பு, வேலையற்றவர். ஜெயபுரத்திலிருந்து ரவீந்திரன் என்பவர் அனுப்பிய படிவத்தில் கடைசிக் கட்டத்தில் சரி போட்டிருந்தது. நல்ல பெறுபேற்றோடு வெளியேறியவர். பாவம் என்று நினைத்து, அந்தக் கிழமை வந்திருந்த ஒரு வேலை அறிவித்தலைச் சொல்ல அவருக்கு எடுத்தேன். அவர் மிகவும் மரியாதையாக, இப்போது கதைக்க நேரமில்லை, அறுவடை நடக்கிறது என்றார். அடுத்த தரம் எடுத்தேன், நிலக்கடலை விதைப்பு. மூன்றாம் தரம் எடுத்தபோது ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. வேலையில்லாத ஒருவருக்கு இவ்வளவு வேலையா என்று பார்க்க நானே போனேன்.

அவருடைய தகப்பன் சின்ன வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் காணி திருத்தியவர். அந்தக் காணி முழுக்க மகன் சொட்டு நீர்க் குழாய் போட்டு, பயிற்றையும் மிளகாயும் நிலக்கடலையும் வைத்திருந்தார். ஏன் வேலையற்றவர் என்று போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, விவசாயி என்று தேடிப் பார்த்தேன், கட்டம் இருக்கவில்லை, மற்ற நாலும் பொய் என்றார். நாலு வருடம் விவசாயம் படிப்பித்த பீடத்தின் படிவத்தில் விவசாயிக்குக் கட்டம் இல்லை. அதே படிவத்தை நானும் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். என் கண்ணிலும் அது படவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். "ஏனையவை" என்று ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினார்கள். திரும்ப எழுதினேன். இரண்டாவது தரம் வந்த படிவத்தில் "விவசாயி" முதலாவது கட்டமாக இருந்தது. அதன் முதல் பிரதியை ஜெயபுரத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரவீந்திரன் சரி போட்டுவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். தகப்பன்தான் அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கம்பஸ் படிச்சிட்டு ஏன் மம்பட்டி புடிக்கிறான்னு கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்லத் தெரியாம நின்னேம்மா. இப்ப கம்பஸ்காரங்களே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க, இந்தத் தாள நானே வச்சுக்கவா?"

ஓர் இலைக்கு முப்பத்தேழு பதில்

ஒவ்வொரு ஆண்டுப் பிரிவுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தொடங்கினேன். ஒரு குழுவில் மாதக்கணக்காக நான் மட்டும் கதைத்தேன். கருத்தரங்கு என்று போட்டால் ஒருவர் பெருவிரலைக் காட்டுவார். அதோடு சரி. குழு நடத்தியவர்களுக்குத் தெரியும், அந்தப் பெருவிரலுக்கு என்ன அர்த்தம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாங்குளத்தில் ஆசிரியையாக இருக்கும் தர்சினி தன் வீட்டுத் தோட்டத்துக் கத்தரிச் செடியைப் படம் பிடித்துப் போட்டு, இது என்ன நோய் என்று கேட்டார். இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாக இருந்தன. அவ்வளவுதான். வவுனியாவில் வங்கி முகாமையாளராக இருப்பவர் வைரஸ் என்றார். கனடாவில் இருப்பவர், அங்கே விடியவில்லை, எழும்பி உட்கார்ந்து மக்னீசியம் குறைபாடு என்றார். இன்னொருவர் சிற்றுண்ணி என்று அடித்துச் சொன்னார். பிறகு கத்தரி போய், செய்முறைப் பரீட்சையில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற இடத்துக்குக் கதை வந்தது. வங்கி முகாமையாளர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். நான் திரும்பச் சேர்த்தேன். மத்தியானத்துக்குள் முப்பத்தேழு பதில்கள். சமையலை விட்டுவிட்டு நானும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்குப் பயிர் நோயியல் படிப்பித்து ஓய்வு பெற்ற விரிவுரையாளரை நான் எப்போதோ அந்தக் குழுவில் சேர்த்திருந்தேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. முப்பத்தெட்டாவது பதில் அவருடையது. சிற்றிலை நோய், தத்துவெட்டிப் பூச்சிகள் பரப்புகின்றன, செடியைப் பிடுங்கி எரித்துவிடவும் என்று எழுதியிருந்தார். குழு அப்படியே அடங்கிப் போனது. பிறகு ஒவ்வொருவராக சேர் வணக்கம், சேர் சுகமா என்று எழுதத் தொடங்கினார்கள். அவர் எல்லோருக்குமாக ஒரே பதில் போட்டார்.

"இது மூன்றாம் வருடத்தில் நான் எடுத்த இரண்டாவது விரிவுரை. அன்றைக்கும் நீங்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள்."

ரெஜினா அக்காவின் பாடம்

பட்டியலில் சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் "தொடர்பில்லை" என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில், போர் நடந்த சில ஆண்டுகளில் படித்தவர்களின் வீட்டுக்கு எடுத்து, இன்னார் இருக்கிறாரா என்று கேட்பது சாதாரணக் கேள்வி அல்ல. அப்படிக் கேட்டுவிட்டு, ஒரு தாய் ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதை இரண்டு தரம் அனுபவித்திருக்கிறேன். அதற்குப் பிறகு, அந்த ஆண்டுகளின் பெயர்களுக்கு முதலில் ஊரில் விசாரித்துவிட்டுத்தான் போன் எடுப்பேன்.

முள்ளிவாய்க்காலைச் சேர்ந்த ரெஜினாவின் பெயர் அப்படியான ஒன்று. அதில் இன்னொரு வினோதமும் இருந்தது. எல்லாப் பரீட்சையும் எழுதிச் சித்தியடைந்திருக்கிறார், ஆனால் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. தலைமை அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சித்தி என்பது உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய், பூசை முடிந்து வந்த பங்குத் தந்தையிடம் கொஞ்சம் பயத்தோடுதான் பெயரைச் சொன்னேன். அவர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, அவா இவ்வளவு நேரமும் கோயிலில முன் வாங்கிலதானே இருந்தவா, இப்பதான் கருவாட்டு வாடிக்குப் போறா என்றார். எனக்கு வந்த நிம்மதியில் அவருக்கு நன்றி சொல்லவும் மறந்துபோனேன்.

கரையில் இடுப்புயரத்துக்குப் பந்தல் போட்டு, வலை விரித்து, அதில் மீன் காயப்போட்டிருந்தார்கள். மணலில் காயப்போட்ட மற்ற இடங்களைப் போல இங்கே இலையான் மொய்க்கவில்லை. ஐந்தாறு பெண்களுக்கு நடுவில் நின்றவா ரெஜினா அக்கா. நான் யாரென்று சொன்னதும் என்னைத் தள்ளி அழைத்துப் போய், நான் உங்கடை ஆள் இல்லை தங்கச்சி, நான் பாஸ் பண்ணேல்லை என்றா. கடைசிப் பரீட்சை விளைபொருள் பதனிடல், விளைந்ததைக் காயவைத்துக் கெடாமல் வைக்கிற பாடம். காய்ச்சலோடு போய் இரண்டு கேள்வியை விட்டுவிட்டு எழும்பி வந்திருக்கிறா. அடுத்த நாள் ஊருக்கு வந்தவா. கொஞ்ச நாளில் சண்டையில் பாதை பூட்டுப்பட்டது. பெறுபேறு அறிவித்தல் பலகையில் போட்டபோது அவா இங்கே. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகும், ஒரு பாடம் பெயில் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்த எதற்குப் போக வேண்டும் என்று விட்டுவிட்டா. கூடப் படித்தவர்கள் தேடி வந்தபோதும், நான் முடிக்கேல்லை என்று சொல்லி ஒதுங்கியிருக்கிறா.

பெறுபேற்றுத் தாளின் பிரதி என் பையில் இருந்தது. அதே பாடத்துக்குக் கிடைத்த தரம் பி. அவா அதை நம்பவில்லை. வேறு ரெஜினாவும் இருந்திருப்பா என்றா. நான் பரீட்சைச் சுட்டெண்ணை வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் அவாவும் என்னோடு சேர்ந்து சொன்னா, கடைசி இலக்கம் வரைக்கும், தாளைப் பார்க்காமல். பிறகு பந்தலுக்குப் போய், ஒரு வரிசை மீன் முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டு வந்துதான் படிவத்தைக் கேட்டா.

பட்டமளிப்பு விழாவுக்கு அவா போகவில்லை. நெத்தலிக் காலம், பெண்களை விட்டுவிட்டு வர முடியாது என்றா. சமூகமளிக்காதவர்களோடு பெயர் வாசிக்கப்பட்டது. சான்றிதழ் என் அலுவலகத்துக்கு வந்தது. முதல் பஸ்ஸில் மூத்த மகளோடு வந்தா. எனக்கு ஒரு பொதி கருவாடு. அந்த வாசம் அலுவலகத்தை விட்டுப் போக ஒரு கிழமை எடுத்தது. சான்றிதழைத் தொடுவதற்கு முதல் கையைச் சேலையில் மூன்று தரம் துடைத்தா. மேலிருந்து கீழே வாசித்து முடித்ததும், பெயில் என்று நினைத்தது எந்தப் பாடம் அம்மா என்று மகள் கேட்டாள்.

"மீன் காயப்போடுறமே, அந்தப் பாடந்தான் பிள்ளை. பெயில் எண்டு நினைச்ச பாடத்தை வச்சுத்தான் உங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தனான்."

கூட்டத்தில் இருக்கிறேன்

நானும் ஒரு பட்டதாரிதான். கலைப் பிரிவு, வேறு பல்கலைக்கழகம். ஒரு சனிக்கிழமை காலை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. என் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பிரிவிலிருந்து கதைப்பதாக ஒரு பெண் பிள்ளை சொன்னாள். முகவரியையும் தொழிலையும் புதுப்பிக்க வேண்டுமாம், ஐந்து நிமிடம் போதுமாம். ஒவ்வொரு நாளும் நான் சொல்லும் அதே வசனம், கிட்டத்தட்ட அதே குரல்.

என்ன நடந்ததென்று எனக்கே தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து மீன்காரர், பாரையைத் தூக்கிக் காட்டி, செதில் எடுத்து வெட்டவோ, இல்லாட்டி முழுசாத் தரவோ என்று சந்தைக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். மறுமுனையில் அந்தப் பிள்ளைக்கும் அது கேட்டது. பிறகு, தொழில் பழகிய பொறுமையோடு சொன்னாள்:

"பரவாயில்லை அக்கா, கூட்டம் முடிய எடுங்கோ. செதில் எடுத்தே வாங்குங்கோ, வீட்டை போய்க் கஷ்டப்படுவீங்கள்."

இத்தனை பேரைத் தேடி அலைந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: படித்த இடத்தை மறந்தவர் என்று ஒருவரும் இல்லை, அங்கிருந்து போன் வந்தால் என்ன பிழை பிடிபட்டதோ என்று பயப்படுகிறவர்கள்தான் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.