நவம்பரில் கேட்ட வசந்தப் பாட்டு

எனக்கு முதலில் வலி வரவில்லை. மயக்கமும் வரவில்லை. பாட்டுத்தான் வந்தது.

அது நவம்பர் மாதம். ரொறன்ரோ நகர நடுவில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். சுவர்த்தட்டில் இருந்த ரேடியோப் பெட்டியில் வசந்தகாலப் பாட்டுக் கசெற் ஓடத் தொடங்கியது. ஒரு பெண்குரல், அடியில் பியானோ. கூடவே என் இடது தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். அரிசி மூட்டைகள்தான் இருந்தன. பாட்டு நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தால் அது போடப்படவே இல்லை.

எங்கள் முதலாளி பருவத்துக்குப் பருவம் பாட்டை மாற்றுகிறவர். வசந்தகாலச் சாப்பாடுகள் உணவு அட்டையில் ஏறும்போதுதான் அந்தக் கசெற் வெளியே வரும். பூக்கள் கொட்டி முடிந்ததும் உள்ளே போய்விடும். மார்கழி விடியலில் கோயிலில் போடும் பாட்டை ஆடியில் போட்டால் எப்படி இருக்கும்? நவம்பரில் அதைக் கேட்டது எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு தமிழ்ப் படப்பாட்டு தலைக்குள் ஓடியிருந்தால் நான் கவனித்தே இருக்கமாட்டேன். எல்லோருக்கும் ஓடுவதுதானே. காலம் தப்பி வந்ததால்தான் ஏதோ பிழை என்று தெரிந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது வந்தால், அது மணமோ குரலோ எதுவானாலும், பைத்தியம் என்பார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். மருத்துவரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் மறைத்தேன். குமார் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் நிற்பவர்.

"ஜப்பான் பேய் பிடிச்சிட்டுதடா உனக்கு," என்றார். "இனி பச்சை மீன்தான் படையல் வைக்கோணும்."

பரிமாறும் யூக்கோ ஒசாக்காவிலிருந்து படிக்க வந்தவள். எந்தப் பாட்டு என்று அறிய அவளிடம் மெட்டை முனகிக் காட்டினேன். உடனே பிடித்துவிட்டாள். அவர்கள் நாட்டில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குமாம். செர்ரி பூப்பதும் அப்போதுதான். அதனால் வசந்தகாலப் பாட்டு என்றால் பாதி பிரியாவிடை, பாதி முதல் நாள் என்றாள். நான் சந்தோஷப் பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன். அந்தக் கசெற்றில் எனக்கு விளங்கிய ஒரே சொல் 'சக்குரா', செர்ரிப்பூ. அது எல்லாப் பாட்டிலும் வந்துபோகும்.

குளிர் கூடக் கூடப் பாட்டும் கூடியது. ஒருநாள் குமார் அண்ணைக்கு உதவியாக எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அது வந்தது. பாட்டு முடிந்து பார்த்தால் என் கை சட்டி விளிம்பில் இருந்தது. தோல் வெந்த மணம் எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. குமார் அண்ணை டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

இ.இ.ஜி. (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலுக்குள் எடுக்கும் படம்) எடுத்தார்கள். வலது பொட்டு மடலில் (காதுக்கு மேலே உள்ள மூளைப்பகுதி) ஒரு தழும்பு இருந்தது. குழந்தையில் வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கு இருந்தது பகுதி வலிப்பு. மூளையின் ஒரு மூலையில் மட்டும் எழுவது. ஆள் விழமாட்டார், ஆனால் கொஞ்ச நேரம் இங்கே இருக்கமாட்டார்.

ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ரில் அம்மாவும் நானும்தான். எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கினேன். பின்னால் வந்து நிற்கும் ஆளைப் பற்றியும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் நிக்கிறான்?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு அண்ணா இருந்தார். அவர் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடை வேலைக்குப் போனதால்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஊரில் சண்டைக் காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்ல யாரும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் நான் தெளிந்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "வந்தவனோ?"

"அது ஜப்பான் பாட்டு அம்மா. அண்ணாவுக்கும் அதுக்கும் என்ன?"

"அவன் எந்தப் பாட்டோடை வந்தா என்ன."

மாத்திரைகளை மாற்றி மாற்றித் தந்தார்கள். ஒவ்வொன்றும் சில வாரம் வேலை செய்தது, பிறகு விட்டுவிட்டது. வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் வாசித்த பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆள் வரும்போது பயம் மட்டும் இல்லை. முதுகில் ஒரு சூடு இருக்கும். அதுவும் வேண்டியிருந்தது.

அடுத்த பனிக்காலம், தழும்பை வெட்டி எடுக்கலாம் என்றார் மருத்துவர். பேச்சுக்கு ஆபத்து குறைவு, மெட்டுகளை அடையாளம் காண்பது குறையலாம் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளனும் நான்தான், நோயாளியும் நான்தான்.

"கேள்," என்றார் அம்மா. "வெட்டினா அவனும் போயிடுவானோ எண்டு கேள்."

மருத்துவரிடம் அண்ணாவைப் பற்றிச் சொல்லி, கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. என்னை விட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: வலிப்போடு வருவது வலிப்போடு போகும்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் என் தலையைத் திறப்பதற்கு அம்மா பொய்யைக் கேட்டுச் சம்மதிக்கக்கூடாது என்று பட்டது.

"ஓம் அம்மா. போயிடுமாம்."

அம்மா மருத்துவரின் மேசையில் இருந்த பிளாஸ்ரிக் மாதிரி மூளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இருக்கிற ஒருத்தனையாவது நான் வைச்சிருக்கோணும். வெட்டச் சொல்லு," என்றார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தலைக் கட்டோடு கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். "வந்தவனோ?" என்று இந்த முறை கேட்கவில்லை. எனக்கு முதலில் தெரிந்தது முதுகுதான். அங்கே வெறும் மெத்தை இருந்தது.

வலிப்பு பிறகு வரவில்லை. அரிசி கழுவும் வேலைக்குத் திரும்பினேன். பாடம் மெல்ல மனதில் நிற்கத் தொடங்கியது. மரங்களில் பச்சை கண்ட ஒரு நாள், யூக்கோ தட்டோடு வந்து, "உன் பாட்டுப் போகுது," என்றாள். நான் கேட்டேன். ஒரு பெண் பாடுகிறாள் என்று தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. தெருவில் போகும் தெரியாத ஆட்களைப் போல, எந்தப் பாட்டுக்கும் எனக்குத் தெரிந்த முகம் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா அந்தக் கசெற்றைக் கொண்டுவரச் சொன்னார். பருவம் முடிந்ததும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் முழுவதும் போட்டோம். ஒவ்வொரு பாட்டு முடியவும் அம்மா, "இதுவோ?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கடைசிப் பாட்டும் முடிந்தது. யூக்கோவைக் கேட்கலாம் என்று நான் சொல்ல, அம்மா வேண்டாம் என்றார். கசெற்றைத் தானே பின்னால் ஓட்டி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுதான்," என்றார்.

சரியோ பிழையோ, எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் கோடையிலும் பனியிலும் ஒரே வசந்தம்தான். நான் சோற்றுக் கோப்பையோடு மேசையில் இருப்பேன், அம்மா அந்தப் பாட்டைப் போடுவார். அது முடியும்வரை அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். நானும் திரும்பாமல், முதுகை அசைக்காமல் இருக்கிறேன்.